பழைய லேண்ட் குரூசரை நெடும்பயணத்துக்குத் தயார் செய்து கொடுத்த பட்டறை: 31,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு எழுதும் விமர்சனம்

வண்டியை வெளியே எடுத்த அன்றே இதை எழுதியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நட்சத்திரம் கொடுத்திருப்பேன். மூன்றாவது மாதம் எழுதியிருந்தால் இரண்டுதான் கொடுத்திருப்பேன், அதுவும் கோபத்தோடு. இப்போது பதினோரு மாதமும் 31,000 கிலோமீட்டரும் முடிந்து வண்டி ஊர் திரும்பிவிட்டது. வழியில் ஓர் இடத்தில்கூட அதை லாரியில் ஏற்றும் நிலை வரவில்லை. நிதானமாக யோசித்து நான்கு கொடுக்கிறேன். பட்டறையின் பெயரைப் போடவில்லை, ஏனென்றால் கீழே வரும் குறைகளை அவர்களிடமே நேரில் சொல்லிவிட்டேன், அவர்களும் மறுக்காமல் ஒப்புக்கொண்டார்கள். நீங்கள் எந்தப் பட்டறைக்குப் போனாலும் எதைக் கேட்க வேண்டும், எதை உங்கள் கண்ணால் பார்த்துவிட்டு வர வேண்டும் என்பதற்கு இது உதவினால் போதும்.

வண்டி 1994 மாடல் டொயோட்டா லேண்ட் குரூசர் 80. இன்ஜின் 1எச்இசட், 4,164 சிசி, வரிசையாக ஆறு சிலிண்டர், டர்போ (காற்றை அழுத்தி உள்ளே திணிக்கும் கருவி) கிடையாது, டீசலை அளந்து அனுப்புவது முழுக்க மெக்கானிக்கல் பம்ப். வேகமாகப் போக நினைப்பவர்களுக்கு இது ஏற்ற இன்ஜின் இல்லை. ஆனால் பல நாடு தாண்டிப் போகிறவர்கள் இதைத் தேடிப்போய் வாங்குவதற்குக் காரணம் இருக்கிறது. கந்தகம் அதிகமுள்ள டீசல் கிடைக்கிற நாடுகளில் புதிய டீசல் வண்டிகளின் புகை வடிகட்டியும் அதைச் சார்ந்த சென்சார்களும் தகராறு செய்யும், இந்தப் பழைய இன்ஜினில் அந்தச் சமாச்சாரமே இல்லை. கந்தகம் ஆயிலை மட்டும் சீக்கிரம் கெடுக்கும், அதற்கு ஆயிலை 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றிவிட்டால் சரி. நான் வாங்கும்போது மீட்டரில் 3,80,000 காட்டியது. முப்பது வயதைத் தொட்ட வண்டியில் இன்ஜின் நன்றாக இருந்தாலும் ரப்பர், சீல், பேரிங், வயர் எல்லாம் ஏறக்குறைய ஒரே சமயத்தில் ஆயுள் முடிந்து நிற்கும் என்பது அப்போது எனக்கு இவ்வளவு தெளிவாகத் தெரியாது.

பட்டறைக்கு நான் ஒரு நீளமான பட்டியலோடு போனேன். டர்போ மாட்ட வேண்டும், வண்டியை 100 மிமீ உயர்த்த வேண்டும், கூரையில் கூடாரம், முன்னால் வின்ச் (சிக்கிய வண்டியைக் கம்பிவடத்தால் இழுத்தெடுக்கும் கருவி), கூடுதல் விளக்குகள், பின்னால் இழுப்பறைப் பெட்டிகள். தலைமை மெக்கானிக் அதை வாங்கிப் படித்துவிட்டு மேசைமேல் வைத்தார், வண்டியை லிஃப்டில் ஏற்றினார், கையில் டார்ச்சோடு இரண்டரை மணி நேரம் அடியில் நின்றார். ஒவ்வொரு ஹோஸாக அழுத்திப் பார்த்தார், சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தார், சேஸிஸில் துரு இருக்கிற இடத்தையெல்லாம் சுத்தியலால் தட்டிச் சத்தம் கேட்டார். அப்புறம் கீழே இறக்கிவிட்டு, “முதல்ல வண்டியில இருக்கிறதைச் சரி பண்ணுவோம், புதுசா மாட்டுறதை அப்புறம் பேசலாம்” என்றார். அவர் எழுதிக் கொடுத்த பட்டியலில் நான் கேட்ட ஒன்றுகூட முதல் பக்கத்தில் இல்லை.

எனக்கு அன்று கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஆனால் இந்தப் பட்டறைக்கு நான் கொடுக்கும் நட்சத்திரங்களில் பாதி அந்த முதல் நாளுக்கே போகிறது. பணம் கொடுக்கத் தயாராக ஒருவன் நிற்கும்போது வேண்டாம் என்று சொல்லவும், ஏன் வேண்டாம் என்று காரணத்தை உட்கார்ந்து விளக்கவும் எத்தனை பேருக்கு மனசு வரும்? டர்போ வேண்டாம் என்றதற்குக் காரணம், இந்த இன்ஜின் டர்போ இல்லாமல் ஓடுவதற்கென்றே வடிவமைக்கப்பட்டது, எரிப்பு முதலில் ஒரு சிறிய முன்னறையில் தொடங்கும், அதில் காற்றையும் டீசலையும் கூட்டித் திணித்தால் வெப்பம் ஏறும், அந்தக் கூடுதல் வெப்பத்தைப் பாலைவன மேட்டில் முழுச் சுமையோடு தாங்க வேண்டியது 3,80,000 கிலோமீட்டர் ஓடிய பிஸ்டன். 100 மிமீ வேண்டாம் என்றதற்கும் காரணம் இருந்தது. இந்த வண்டியில் முன் ஆக்சிலைப் பிடித்திருக்கும் இரண்டு நீளமான கைகளும் வண்டியை உயர்த்தும்போது ஆக்சிலையே கொஞ்சம் சுழற்றிவிடும், காஸ்டர் கோணம் (முன் சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) குறையும், ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பாமல் அலையும். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் ஓட்டும்போது அது தோள்பட்டையைக் கொன்றுவிடும். 50 மிமீ உயர்த்தி, அதற்கேற்ற காஸ்டர் புஷ் போட்டுக் கோணத்தைத் திருத்தித் தருகிறேன் என்றார், அப்படியே செய்தார். வண்டி நெடுஞ்சாலையில் கோடு போட்ட மாதிரி போனது.

குளிரூட்டும் அமைப்பை முழுசாகப் பிரித்தார்கள். ரேடியேட்டர் வெளியே பார்க்கப் பளிச்சென்று இருந்தது, உள்ளே குழாய்களில் பாதிக்கு மேல் படிவு. புதிய ரேடியேட்டர், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், பிரஷர் மூடி, மேல் கீழ் ஹோஸ்கள், ஹீட்டருக்குப் போகும் சின்ன ஹோஸ்கள் எல்லாம் மாற்றினார்கள். இந்தச் சின்ன ஹோஸ்களைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள், இன்ஜினுக்குப் பின்னால் கை போகாத இடத்தில் இருப்பதால். ஃபேன் கிளட்சில் சிலிக்கான் ஆயிலை மாற்றிச் சோதித்தார்கள். இன்னொன்றும் சொன்னார்கள்: பல வண்டிகளில் டேஷ்போர்டில் உள்ள வெப்ப முள் ஓட்டுநர் பதறக்கூடாது என்று அகலமான ஒரு வரம்பு முழுவதும் நடுவிலேயே நிற்கும்படி அமைக்கப்பட்டிருக்கும், அது அசைந்து மேலே போகும்போது நேரம் கடந்திருக்கும். அதனால் தனியாக எண்ணில் காட்டும் ஒரு வெப்பமானியும், தண்ணீர் குறைந்தால் கத்துகிற ஓர் அலாரமும் வைத்தார்கள். தஜிகிஸ்தானில் பாமிர் நெடுஞ்சாலையில் 4,655 மீட்டர் உயரத்தில் அக்-பைத்தால் கணவாய் இருக்கிறது, அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதியைச் சற்றே தாண்டும், டர்போ இல்லாத இன்ஜின் மூச்சு வாங்கிக்கொண்டு கரும்புகை கக்கியது, முதல் கியரில்தான் சில இடங்களில் ஏற முடிந்தது. ஆனால் வெப்பமானியின் எண் ஏறவே இல்லை. ஏறும் வழியெங்கும் நான் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனி முன் ஆக்சில். இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். இந்த வகை வண்டிகளில் முன் ஆக்சிலின் இரு முனையிலும் பெரிய இரும்பு உருண்டை ஒன்று இருக்கும், அதற்குள்தான் சக்கரத்தைத் திருப்பிக்கொண்டே சுழற்றும் மூட்டு இருக்கிறது, அது கிரீஸில் ஊறிக்கிடக்க வேண்டும். டிஃபரென்ஷியலில் (ஆக்சிலின் நடுவில் இருக்கும் கியர் பெட்டியில்) இருக்கும் ஆயிலை இந்த கிரீஸோடு சேரவிடாமல் தடுப்பது உள்ளே ஒரு சிறிய ஆயில் சீல். அது தேய்ந்தால் ஆயில் உள்ளே வந்து கிரீஸைக் கரைத்துக் கஞ்சி மாதிரி ஆக்கிவிடும், உருண்டையின் வெளிப்பக்கம் கருப்பாக வழிய ஆரம்பிக்கும். என் வண்டியில் இரண்டு பக்கமும் வழிந்தது. வாங்கும்போது விற்றவர் துணியால் துடைத்து வைத்திருந்ததால் தெரியவில்லை. பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் ஓட்டிப் பார்த்த பிறகு இந்த இடத்தை ஒருமுறை குனிந்து பாருங்கள்.

இடது பக்கத்தை அவர்கள் கழற்றி மாட்டினார்கள், நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். வலது பக்கத்தை என்னைக் கழற்றச் சொன்னார்கள். எனக்குக் கைப்பழக்கமே இல்லை, முழுசாக ஒன்றரை நாள் ஆனது, அந்த நேரத்துக்குக் கூலி வாங்கவில்லை. சக்கரம், பிரேக் காலிப்பர், ஹப்பின் (சக்கரத்தின் நடுப்பகுதியின்) மூடி, அதற்குள் இரண்டு பெரிய நட்டுகள், நடுவில் மடக்கிப் பூட்டும் வாஷர். அந்த நட்டுக்கு 54 மிமீ சாக்கெட் வேண்டும், அது சாதாரண டூல் பெட்டியில் இருக்காது, உளியை வைத்துத் தட்டிக் கழற்றுகிறவர்கள் உண்டு, அப்படிச் செய்தால் நட்டின் முனை சிதைந்து அடுத்த முறை இறுக்கம் சரியாக வராது. பேரிங்கைக் கழுவி, வெளிச்சத்தில் உருளைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, புது பேரிங்கில் உள்ளங்கையால் கிரீஸை அழுத்தித் திணித்து, மாட்டிய பிறகு சக்கர போல்ட்டில் ஸ்பிரிங் தராசைக் கொக்கி போட்டு இழுத்து, ஹப் சுழல எவ்வளவு இழுவிசை வேண்டியிருக்கிறது என்று அளந்து நட்டை இறுக்கக் கற்றுக் கொடுத்தார்கள். நான் முதலில் இறுக்கியது அதிகமாகிவிட்டது. மறுபடி தளர்த்து, சுழற்று, இறுக்கு என்று மூன்று முறை செய்ய வைத்தார் அந்த மெக்கானிக், கொஞ்சமும் எரிச்சல் காட்டாமல்.

இதன் பலன் 19,000 கிலோமீட்டரில் கிடைத்தது. ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் நான்கு ஹப்பையும் தொட்டுப் பார்க்கிற பழக்கத்தை அவர்கள்தான் ஏற்படுத்தினார்கள், ஒரு மதியம் இடது முன் ஹப் மற்றவற்றைவிட நன்றாகச் சுட்டது. பக்கத்து ஊர் 140 கிலோமீட்டர். வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்கி ஆட்டினால் லேசாக ஆடியது, வாஷரின் மடிப்பு விட்டு நட்டு நகர்ந்திருந்தது. கழற்றி, கழுவி, புது வாஷர் போட்டு, தராசால் அளந்து, மூன்றரை மணி நேரத்தில் முடித்தேன். வெயிலில் கை நடுங்கியது, ஆனால் அடுத்து எதைத் தொட வேண்டும் என்று ஒருமுறைகூடக் குழம்பவில்லை. கவனித்தீர்களா, அது அவர்கள் மாட்டிய பக்கம். அதையும் அவர்களிடம் சொன்னேன், குறையாகப் பதிந்துகொண்டார்கள். இருந்தாலும் அதைச் சரிசெய்யும் வித்தையையும் அவர்களே கொடுத்திருந்தார்கள் என்பதால் இதற்கு நான் மதிப்பெண் குறைக்கவில்லை.

இன்ஜினின் வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்திசைத்து ஓட்டும் டைமிங் பெல்ட்டைப் பற்றிச் சுருக்கமாக: என் வண்டியின் கையேட்டில் 1,00,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை என்று இருக்கிறது, பழைய உரிமையாளர் எப்போது மாற்றினார் என்று எந்த ரசீதும் இல்லை. ரசீது இல்லாத பெல்ட் மாற்றாத பெல்ட் என்பது அவர்கள் கணக்கு, சரியான கணக்கு. அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினே போய்விடும். பெல்ட்டோடு அதன் டென்ஷனரையும் முன்பக்க ஆயில் சீல்களையும் சேர்த்து மாற்றினார்கள். டீசல் பக்கம், தண்ணீரைப் பிரித்தெடுக்கும் ஃபில்டர் ஒன்றை அசல் ஃபில்டருக்கு முன்னால் கூடுதலாக வைத்தார்கள், அடியில் கண்ணாடிக் கிண்ணம், தண்ணீர் தேங்கினால் கண்ணுக்குத் தெரியும். இரண்டு முறை அதிலிருந்து அரை டம்ளர் அளவு தண்ணீரை வடித்திருக்கிறேன்.

பிரேக்கில் எனக்குத் தெரியவே தெரியாத ஒன்றைக் கண்டுபிடித்துச் சரி செய்தார்கள். பின் ஆக்சிலுக்கும் பாடிக்கும் நடுவில் ஒரு கம்பியால் இணைந்த வால்வு இருக்கிறது, பின்னால் சுமை ஏறி வண்டி தாழ்ந்தால் பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும், சுமை குறைந்து உயர்ந்தால் குறைக்கும். வண்டியை 50 மிமீ உயர்த்திவிட்டால் அது எப்போதும் வண்டி காலியாக இருப்பதாகவே நினைத்துக்கொள்ளும், பின் பிரேக் பாதிதான் பிடிக்கும். உயர்த்தி விடுகிற பல பேர் இதைத் தொடுவதே இல்லை. இவர்கள் அந்தக் கம்பியின் பிராக்கெட்டை உயரத்துக்கேற்ப மாற்றி வைத்து, பிரேக் ஆயிலை முழுக்க மாற்றி, பாடியிலிருந்து ஆக்சிலுக்கு வரும் ரப்பர் ஹோஸ்களையும் புதிதாகப் போட்டார்கள். மலை இறக்கங்களில் இதன் அருமை புரிந்தது.

டயரில் அவர்கள் சொன்ன 235/85 ஆர்16 அளவையே எடுத்தேன், அகலம் குறைவு, உயரம் நல்ல உயரம், இலகு ரக லாரிகளுக்குப் போடும் 7.50 ஆர்16 டயரின் உயரத்துக்கு ஏறக்குறைய சமம் என்பதால் ஆபத்துக்கு அதையும் மாட்டிக்கொள்ளலாம். இரண்டு ஸ்டெப்னி, மொத்தப் பயணத்தில் நான்கு பஞ்சர்.

இப்போது எடை. இதில்தான் பட்டறையின் சிறந்த வேலையும் மோசமான வேலையும் சேர்ந்தே இருக்கின்றன. நான் எடுத்துப்போக நினைத்த எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வரச் சொன்னார்கள், தண்ணீர், டீசல் கேன், உடைகள், சமையல் சாமான், எல்லாம். எடைமேடையில் நிறுத்தினார்கள், முன் ஆக்சில் தனியாக, பின் ஆக்சில் தனியாக. வண்டியின் தகட்டில் எழுதியிருக்கும் மொத்த எடையைத் தாண்டிவிட்டது. ஆளே ஏறாமல்! தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் 60 லிட்டர் தண்ணீரைக் கூரையில் வைக்கத் திட்டமிடும்போது அது ஒரு பெரிய ஆள் கூரையில் படுத்திருப்பதற்குச் சமம் என்று யாரும் நினைப்பதில்லை. இருபது லிட்டர் டீசல் கேன் இரண்டு வைத்தால் கேனோடு சேர்த்து 40 கிலோவைத் தாண்டும். வண்டியின் டாங்கிலேயே சுமார் 95 லிட்டர் பிடிக்கும், நூறு கிலோமீட்டருக்கு 13 லிட்டர் என்று வைத்தாலும் 700 கிலோமீட்டர் போகலாம், அதற்கு மேல் பெட்ரோல் பங்க் இல்லாத தூரம் உங்கள் வழியில் எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது. கூரைக் கூடாரம் போனது, வின்ச் போனது, இழுப்பறைகளுக்குப் பதில் சாதாரணப் பிளாஸ்டிக் பெட்டிகள் வந்தன, கூரையில் படுக்கை விரிப்புகளும் ஒரு ஸ்டெப்னியும் மட்டும். ஒரே வாரத்தில் 170 கிலோ குறைந்தது. இந்த ஒரு வேலைக்காக மட்டுமே அவர்களைப் பரிந்துரைப்பேன்.

ஆனால் பின் ஸ்பிரிங்கை அவர்கள் இந்த எடை போடுவதற்கு முன்பே வாங்கி மாட்டிவிட்டார்கள். எப்போதும் 400 கிலோ சுமை இருக்கும் வண்டிக்கான கனத்த காயில் ஸ்பிரிங் அது. சுமையைக் குறைக்கச் சொன்னதும் அவர்களே, குறைத்த பிறகு ஸ்பிரிங்கை மாற்றாமல் விட்டதும் அவர்களே. தார்ச் சாலையில் ஒன்றும் தெரியவில்லை. அலை அலையாகக் கிடக்கும் சரளைப் பாதையில் வண்டியின் பின்பக்கம் குதித்தது, டயர் தரையில் இருந்த நேரத்தைவிடக் காற்றில் இருந்த நேரம் அதிகம் என்று தோன்றும், ஷாக் அப்சார்பர்களைத் தொட்டால் கை சுட்டது. டயர் காற்றை 38-லிருந்து 26 பிஎஸ்ஐக்கு இறக்கி, வேகத்தையும் குறைத்து ஓட்டினேன், கொஞ்சம் பரவாயில்லை. மூன்றாவது மாத முடிவில் பின் ஷாக் ஒன்று ஆயிலைக் கக்கிவிட்டது. மாற்று ஷாக் கிடைக்க ஒன்பது நாள் காத்திருந்தேன், விசாவில் இருந்த நாட்கள் கரைந்தன, போக ஆசைப்பட்ட ஒரு பள்ளத்தாக்கை விட்டுவிட்டுப் போனேன். மேலே இரண்டு நட்சத்திரம் என்று சொன்னேனே, அந்த ஒன்பது நாளில் எழுதியிருந்தால் அதுதான் கிடைத்திருக்கும். சாமான் முழுக்க ஏற்றி, எடை போட்டு, அதன் பிறகுதான் ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும், எந்தப் பட்டறை என்ன அவசரம் காட்டினாலும் இந்த வரிசையை மாற்ற விடாதீர்கள்.

இரண்டாவது குறை வயரிங். ஃபிரிட்ஜுக்கும் விளக்குக்கும் தனி பாட்டரி வைத்தார்கள், ஃபியூஸ் பாட்டரிக்குப் பக்கத்திலேயே, தடிமனான வயர், எல்லாம் ஒழுங்காக இருந்தது, எர்த் வயரை மட்டும் பெயிண்ட் அடித்த பாடியின் மேலேயே போல்ட் போட்டு முறுக்கியிருந்தார்கள். பாட்டரியில் 12.6 வோல்ட், ஃபிரிட்ஜ் பிளக்கில் 11.7. இரவெல்லாம் ஃபிரிட்ஜ் பாட்டரி தீர்ந்துவிட்டதாக நினைத்து அணைந்துகொண்டே இருந்தது. நான் பாட்டரிதான் மோசம் என்று பத்து நாள் நினைத்திருந்தேன். கடைசியில் மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் நெகட்டிவ்விலும் மறு முனையைப் பாடியிலும் வைத்துப் பார்த்ததும் விஷயம் புரிந்தது, பெயிண்டைச் சுரண்டி வெறும் இரும்பில் முறுக்கியதும் தீர்ந்தது, இருபது நிமிட வேலை.

மூன்றாவது குறைதான் எனக்கு அதிகமாகப் பயம் காட்டியது. வண்டியின் அடியில் துருவைச் சுரண்டி, தேவையான இடத்தில் வெல்டிங் வைத்து, கருப்பான துருக் காப்புப் பூச்சு அடித்துக் கொடுத்தார்கள், நேர்த்தியான வேலை. ஆனால் சேஸிஸில் முன் சக்கரத்துக்கு அருகில் பொறித்திருக்கும் சேஸிஸ் எண்ணின் மேலேயும் அடித்துவிட்டார்கள். வெளிநாட்டுக்கு வண்டி கொண்டு போகிறவர்களுக்கு கார்னே என்று ஒரு சுங்க ஆவணம் தெரிந்திருக்கும். வண்டியைத் தற்காலிகமாகத்தான் கொண்டு வருகிறேன், திரும்ப எடுத்துப் போய்விடுவேன் என்பதற்கான உத்தரவாதம் அது, எகிப்து, ஈரான், பாகிஸ்தான், இந்தியா மாதிரி நாடுகளில் பொதுவாக அதைக் கேட்பார்கள். அதிகபட்சம் ஒரு வருடம்தான் செல்லும். ஒவ்வொரு பக்கமும் மூன்று துண்டாக இருக்கும், உள்ளே வரும்போது ஒரு துண்டு, வெளியே போகும்போது ஒரு துண்டு, அடிக்கட்டையில் இரண்டு முத்திரையும் நம்மோடு இருக்க வேண்டும். வெளியேறும் முத்திரை விடுபட்டால் வண்டியை அந்த நாட்டிலேயே விற்றுவிட்டதாகக் கணக்கு வைத்து வரி கேட்பார்கள். அதில் எழுதியிருக்கும் சேஸிஸ் எண் வண்டியில் பொறித்திருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும்.

ஓர் எல்லையில் அதிகாரி டார்ச்சோடு வந்து எண்ணைக் காட்டு என்றார். நான் காட்டிய இடத்தில் மழமழவென்று கருப்புப் பூச்சு. அவர் முகம் மாறியதை என்னால் மறக்க முடியாது, எண்ணை மறைத்துப் பூசிய வண்டி என்றால் திருட்டு வண்டி என்றுதானே யாரும் நினைப்பார்கள். அவர் பக்கத்திலேயே நிற்க, டீசலில் நனைத்த துணியும் கம்பி பிரஷும் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் சேற்றில் முழங்காலிட்டுத் தேய்த்தேன். எழுத்து ஒவ்வொன்றாக வெளியே வந்தது. பிறகு அவரே கை கொடுத்துத் தூக்கிவிட்டார். கிளம்புவதற்கு முன் அந்த எண்ணை நீங்களே சுத்தம் செய்து, மெல்லிய கிரீஸ் தடவி, ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் எண்ணையும் கார்னேயில் எழுதுவார்கள், அதையும் அப்படியே. பன்னாட்டு ஓட்டுநர் அனுமதிச் சீட்டில் 1949 ஒப்பந்தத்தின்படி ஒன்று, 1968 ஒப்பந்தத்தின்படி ஒன்று என்று இருக்கிறது, உங்கள் வழியில் இருக்கும் நாடு எதை ஏற்கும் என்று பார்த்து வாங்குங்கள், இது பட்டறையின் வேலை இல்லை என்றாலும் வண்டி வேலையில் மூழ்கியிருக்கும்போது மறந்துபோகிற விஷயம்.

தேதி விஷயத்திலும் அவர்களை நம்ப வேண்டாம். ஆறு வாரம் என்றார்கள், பதினான்கு வாரம் ஆனது. பிரித்துப் பார்த்த பிறகுதான் வேலையின் அளவு தெரியும் என்பது நியாயம், ஆனால் தாமதத்தை நான் ஒவ்வொரு முறையும் போன் செய்து கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன், அவர்களாக ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை. கார்னேயின் ஒரு வருடம் ஓட ஆரம்பித்துவிட்டிருந்தால் அதில் இரண்டு மாதம் பட்டறையிலேயே போயிருக்கும். வண்டி கைக்கு வந்த பிறகு கார்னேக்கு விண்ணப்பிப்பதே நல்லது.

இவ்வளவு சொன்ன பிறகும் நான்கு நட்சத்திரம் ஏன் என்றால், வண்டியைக் கையில் கொடுத்த நாளோடு வேலை முடிந்தது என்று அவர்கள் விட்டுவிடவில்லை. முழுச் சுமையோடு 1,000 கிலோமீட்டர், அதில் பாதியாவது மண் பாதை, ஓட்டிவிட்டு வா, அதன் பிறகுதான் கடைசி பில் என்றார்கள். போய் வந்தேன். ஒரு ஹோஸ் கிளாம்ப் தளர்ந்திருந்தது, கூரைக் கேரியரின் இரண்டு போல்ட் காணவில்லை, பின்பக்க புரொப்பெல்லர் ஷாஃப்டின் மூட்டு ஒன்றில் மெல்லிய டிக் டிக் சத்தம், காற்று ஃபில்டர் பெட்டியின் மூடி சரியாக உட்காராமல் உள்ளே தூசி. கடைசியில் சொன்னது மட்டும் கண்ணில் படாமல் போயிருந்தால் கஜகஸ்தானின் மாவு மாதிரித் தூசியில் இன்ஜின் உள்ளேயே தேய்ந்து முடிந்திருக்கும். எல்லாவற்றையும் தனியாகப் பணம் வாங்காமல் சரி செய்தார்கள், ஒவ்வொரு போல்ட்டையும் மறுபடி இறுக்கி வெள்ளைப் பெயிண்டால் கோடு போட்டுக் கொடுத்தார்கள், போல்ட் நகர்ந்தால் கோடு விலகிவிடும், காலையில் ஒரு சுற்று வந்தால் தெரிந்துவிடும்.

உதிரிப் பெட்டியும் அவர்கள் கட்டிக் கொடுத்ததுதான். கழற்றிய பழைய பாகங்களில் இன்னும் உயிருள்ளதை மட்டும் சுத்தம் செய்து பையில் போட்டுப் பெயர் எழுதியிருந்தார்கள்: பழைய ஃபேன் பெல்ட், மேல் ஹோஸ். அதோடு புதிதாக ஒரு ஜோடி முன் பேரிங், ஹப் வாஷர்கள், ஆயில் சீல்கள், டீசல் ஃபில்டர் ஆறு, குளோ பிளக் இரண்டு, ஆல்டர்னேட்டர் பிரஷ், பிரேக் ஹோஸ் ஒன்று, யூனிவர்சல் ஜாயின்ட் ஒன்று, அப்புறம் அந்த 54 மிமீ சாக்கெட். மொத்தம் 19 கிலோ. திரும்பி வந்தபோது பெட்டியில் பாதி பாக்கி இருந்தது.

போன வாரம் வண்டியை அங்கேயே விட்டேன். தலைமை மெக்கானிக் நான் எழுதி வைத்திருந்த நோட்டைப் பக்கம் பக்கமாகப் படித்தார். பின் ஸ்பிரிங்கை இப்போதுள்ள எடைக்கு ஏற்ப மாற்றித் தருவதாகவும் அதற்கு ஸ்பிரிங்கின் விலை மட்டும் போதும் என்றும் சொன்னார், எர்த் வயர் வேலையை அவரே எட்டிப் பார்த்துவிட்டு, செய்த பையனைக் கூப்பிட்டுத் திட்டாமல் காட்டிக் கொடுத்தார். இனிமேல் அடியில் பூச்சு அடிப்பதற்கு முன் சேஸிஸ் எண்ணின்மேல் டேப் ஒட்டுவதை வேலைச் சீட்டிலேயே ஒரு வரியாகச் சேர்த்துவிட்டார்களாம். எப்போது கிடைக்கும் என்று கேட்டேன், பத்து நாள் என்றார். நான் ஒரு மாதம் என்று எழுதி வைத்திருக்கிறேன்.